ஆப்பிள் ஜூஸ் குடிச்சா வயிறு உப்புது, அதுல க்ளூட்டன் இருக்கா?

கேள்வி: என் பொண்ணுக்கு 9 வயசு. ரத்த டெஸ்ட், எண்டோஸ்கோப்பி எல்லாம் எடுத்து சீலியாக்னு, அதாவது க்ளூட்டன்ங்கற புரதம் உள்ள போனா சிறுகுடல் கெட்டுப்போற நோய்னு சொல்லி ஆறு மாசம் ஆகுது. அன்னிலேர்ந்து வீட்ல கோதுமையே கிடையாது, மைதா, பிரெட், பிஸ்கட், நூடுல்ஸ் எல்லாம் நிறுத்தியாச்சு. டிடிஜின்னு சீலியாக்குக்கு எடுக்கற ரத்த டெஸ்ட் அளவு பாதிக்குப் பாதி இறங்கியிருக்கு, ஆனா இன்னும் நார்மலுக்கு வரல. பாக்கெட் ஆப்பிள் ஜூஸ் குடிச்சா கொஞ்ச நேரத்துல வயிறு உப்பி வலிக்குதுங்கறா, சில நாள் லூஸ் மோஷனும் ஆகுது. ஜூஸ்ல க்ளூட்டன் கலக்கறாங்களா மேடம்? ஜூஸ் கடையில வாங்கித் தரலாமா? ஓட்ஸ் பால் நல்லதுன்னு ஒருத்தர் சொன்னாங்க, அது ஓகேவா? இப்போதைக்கு காலையிலயும் ராத்திரியும் பால்ல மால்ட் பவுடர் கலந்து கொடுக்கறேன், டப்பாவுல கோதுமை இல்லைன்னு பார்த்துதான் வாங்கினேன். இரும்புச்சத்து டானிக்கும் போயிட்டிருக்கு. என்னென்ன குடிக்கக் கொடுக்கலாம்னு கொஞ்சம் தெளிவா சொல்லுங்க.

பதில்:

வணக்கம்மா. லெட்டர் பூராவும் ஜூஸ் பத்திதான் கேட்டிருக்கீங்க, ஆனா எனக்கு கண்ணு போய் நின்னது போகிற போக்குல எழுதியிருக்கீங்க பாருங்க, அந்த மால்ட் பவுடர் வரியிலதான். அதை இன்னிக்கே நிறுத்திடுங்க. இன்னிக்கு ராத்திரி பாலுக்கே போட வேண்டாம். ஜூஸ் பத்தி விவரமா சொல்றேன், அதுல நீங்க பயப்படற அளவுக்கு ஒண்ணும் இல்ல.

மால்ட்ங்கறது பெரும்பாலும் பார்லிதான். பார்லியை ஊறவெச்சு, முளைகட்ட விட்டு, முளை வந்ததும் சூடு காட்டி காயவெச்சு எடுக்கறாங்க. முளைக்கும்போது உள்ள இருக்கிற மாவுச்சத்து சர்க்கரையா மாற ஆரம்பிச்சிடும், அதனாலதான் மால்ட் போட்ட எதுலயும் அந்த இனிப்பும் லேசா வறுத்த வாசனையும் வருது, குழந்தைங்களும் கேட்டு வாங்கி குடிக்கறாங்க. ஆனா பார்லியில ஹோர்டீன்னு ஒரு புரதம் இருக்கு, அது முளைகட்டினாலும் காயவெச்சாலும் பவுடராக்கினாலும் முழுசா போகாது. க்ளூட்டன்னு நாம பொதுவா சொல்றது ஒரே ஒரு சரக்கு இல்ல. கோதுமையில கிளையடின், பார்லியில ஹோர்டீன், ரைங்கற தானியத்துல செக்கலின், இப்படி நெருங்கின சொந்தக்காரப் புரதங்கள் சேர்ந்ததுக்குத்தான் அந்தப் பேரு. சீலியாக் உள்ள குடலுக்கு இந்த மூணுமே ஆகாது, ஒண்ணுக்கொண்ணு தள்ளுபடி கிடையாது.

அதனால டப்பாவுல "கோதுமை இல்லை"ன்னு போட்டிருந்தா அது உங்க பொண்ணுக்கு ஒண்ணும் சொல்லல. கோதுமை அலர்ஜி உள்ளவங்களுக்கு அந்த வரி பெரும்பாலும் போதும், அவங்கள்ல நிறைய பேர் பார்லி சாப்பிடலாம். சீலியாக்னா "க்ளூட்டன் ஃப்ரீ"ன்னே போட்டிருக்கணும். நிறைய பேர் இந்த இடத்துல சறுக்கறாங்க, ஏன்னா டாக்டர்லேர்ந்து சொந்தக்காரங்க வரைக்கும் எல்லாரும் "கோதுமை சேர்க்காதீங்க"ன்னுதான் சொல்லி அனுப்பறாங்க. இந்த நோய்க்கு கோதுமைதான் காரணம்னு கண்டுபிடிச்ச நெதர்லாந்து குழந்தை டாக்டர் வில்லெம் டிக்கே, உலகப் போர் சமயத்துல பிரெட் கிடைக்காம போனப்போ இந்தக் குழந்தைங்க தேறினதையும் பிரெட் திரும்ப வந்ததும் மறுபடி சுருண்டதையும் பார்த்ததுல அவர் சந்தேகம் பலமாச்சு, 1950ல தீசிஸாவும் எழுதினார், அதனாலேயோ என்னவோ இன்னிக்கு வரைக்கும் எல்லார் மனசுலயும் கோதுமைதான் முன்னாடி நிக்குது. ஆனா நான் என்கிட்ட வர்ற ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொல்றது இதுதான்: சாப்பிடற பொருள்ல கோதுமையைத் தேடுங்க, குடிக்கிற பொருள்ல பார்லியைத் தேடுங்க. ட்ரிங்க்ஸ் பக்கம் கோதுமை வர்றது கம்மி, வர்றது பெரும்பாலும் பார்லிதான், அதுவும் மால்ட்ங்கற பேர்ல.

இதைப் படிச்சிட்டு "ஐயோ நானே கொடுத்துட்டேனே"ன்னு உட்கார்ந்துடாதீங்க. டப்பாவைப் பார்த்து வாங்கியிருக்கீங்க, பார்க்கணும்னு உங்களுக்குத் தோணியிருக்கு, எதைத் தேடணும்னுதான் யாரும் சரியா சொல்லித் தரல. டிடிஜி பாதி இறங்கியிருக்குன்னா நீங்க வீட்ல பண்ணின வேலை பலன் கொடுத்திருக்குன்னுதான் அர்த்தம். ஆறு மாசத்துல அது முழுசா நார்மலாகணும்னு கட்டாயமும் இல்ல, ஆரம்பத்துல ரொம்ப அதிகமா இருந்த குழந்தைங்களுக்கு ஒரு வருஷம், அதுக்கு மேலயும்கூட எடுக்கும். அதனால மால்ட் மட்டும்தான் காரணம்னு நான் அடிச்சு சொல்ல மாட்டேன். ஆனா தினம் ரெண்டு வேளை உள்ள போற ஒரு க்ளூட்டனை விட்டுட்டு வேற காரணம் தேடறதுல அர்த்தமே இல்ல.

"ரெண்டு ஸ்பூன் பவுடர்தானே, அதுல எவ்வளவு இருந்துடப் போகுது"ன்னு வீட்ல யாராவது கேட்பாங்க, பெரியவங்க கட்டாயம் கேட்பாங்க, அவங்களுக்கு இதைச் சொல்லுங்க. 2007ல வந்த ஒரு ஆராய்ச்சியில சீலியாக் உள்ள பெரியவங்களுக்கு தினமும் 50 மில்லிகிராம் க்ளூட்டன் மட்டும் 90 நாள் கொடுத்துப் பார்த்தாங்க, அதுக்கே சிறுகுடல்ல இருக்கிற விரல் மாதிரி முளைகள் குட்டையாகிடுச்சு. ஒரு பிரெட் ஸ்லைஸ்ல சுமாரா 2 கிராம் க்ளூட்டன் இருக்கும்னா, அந்த 50 மில்லிகிராம் அதுல நாற்பதுல ஒரு பங்கு, கையில உதிர்ற தூள் அளவுதான். அளவு கம்மியா இருந்தாலும் தினமும் போனா குடல் ஆறவே நேரம் கிடைக்காது.

சரி, இப்ப ஜூஸ். பழத்துல க்ளூட்டன் கிடையாது, எந்தப் பழத்துலயும் கிடையாது. 100 சதவீதம் பழச்சாறுன்னு போட்ட பாக்கெட்லயும், தண்ணி சர்க்கரை சிட்ரிக் ஆசிட் சேர்த்த சாதாரண ஜூஸ் ட்ரிங்க்லயும் பொதுவா க்ளூட்டன் இருக்காது. ஜூஸ் கலங்கலா கெட்டியா இருந்தா மாவு கலந்திருப்பாங்களோன்னு சிலர் பயப்படறாங்க, அது பழத்தோட பல்ப்தான், இல்லைன்னா பெக்டின், கம் மாதிரி கெட்டியாக்கற சமாச்சாரம், அதுலயும் க்ளூட்டன் இல்ல. சோடா, கோலா வகையறாவும் அப்படித்தான், வழக்கமான பெரிய கம்பெனி சரக்குல க்ளூட்டன் பிரச்சனை வர்றதில்ல, குழந்தைக்கு அதைத் தராம இருக்க வேற நல்ல காரணம் நிறைய இருக்கு.

லேபிள் பார்க்கும்போது உங்களைக் குழப்பற சில பேர் இருக்கு, அதைச் சொல்லிடறேன். மால்ட் எக்ஸ்ட்ராக்ட், மால்ட் சிரப், மால்ட் ஃபிளேவர், மால்டட் மில்க், பார்லி, பார்லி மாவு, இதுல எது இருந்தாலும் வேண்டாம், தயங்காம திருப்பி ஷெல்ஃப்ல வெச்சிடுங்க. மால்டோடெக்ஸ்ட்ரின், மால்டிட்டால்னு இருந்தா பதற வேண்டாம், பேர் ஒரே மாதிரி இருக்கே தவிர அது வேற, பெரும்பாலும் சோளத்துலேர்ந்தோ உருளைக்கிழங்குலேர்ந்தோ மரவள்ளியிலேர்ந்தோ வர்றது. கோதுமையிலேர்ந்து எடுத்த மால்டோடெக்ஸ்ட்ரினா இருந்தாலும் அதுல புரதம் கிட்டத்தட்ட மிஞ்சறதே இல்லைங்கறதால ஐரோப்பாவுல அலர்ஜி லிஸ்ட்லகூட அதைக் காட்ட வேண்டாம்னு விலக்கு கொடுத்திருக்காங்க. கேரமல் கலரும் பெரும்பாலும் பயப்பட வேண்டிய விஷயம் இல்ல. இன்னொண்ணு, வெளிநாட்டு சரக்கு வாங்கினா கவனிங்க: அமெரிக்காவுல அலர்ஜி பொருள்னு கட்டாயமா காட்டச் சொல்ற லிஸ்ட்ல கோதுமை இருக்கு, பார்லி இல்ல. ஐரோப்பாவுல க்ளூட்டன் உள்ள தானியம் எதுவா இருந்தாலும் காட்டணும். அதனால "கண்டெய்ன்ஸ்"னு அடியில போட்டிருக்கிற ஒரு வரியை மட்டும் பார்த்துட்டு விட்டுடாதீங்க, உள்ள போட்ட பொருள் பட்டியலை முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் படிங்க.

"க்ளூட்டன் ஃப்ரீ"ன்னு போட்டா சுத்தமா பூஜ்யம்னும் அர்த்தம் இல்ல. கோடெக்ஸ்ங்கற சர்வதேச உணவுத் தர அளவுப்படி ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல போகக் கூடாது, அவ்வளவுதான். கணக்குப் போட்டுப் பாருங்க, 250 மில்லி டம்ளர் ஒண்ணுல அதிகபட்சம் 5 மில்லிகிராம். நிஜத்துல அந்த அதிகபட்சத்துக்குக் கிட்டகூட பெரும்பாலான ட்ரிங்க்ஸ் போறதில்ல. நாள் முழுக்க சேர்த்து 10 மில்லிகிராமுக்குள்ள இருந்தா பெரும்பாலான சீலியாக் நோயாளிங்களுக்கு குடல் கெடறதில்லன்னு எடுத்துக்கறோம், அதனால அந்த லேபிளை நம்பி வாங்கலாம்.

அப்ப ஆப்பிள் ஜூஸ் குடிச்சா ஏன் வயிறு உப்புது? இதுதான் உங்க லெட்டர்ல எனக்கு ரொம்ப முக்கியமா பட்ட ரெண்டாவது விஷயம். ஆப்பிள் ஜூஸ்ல ஃபிரக்டோஸ்ங்கற சர்க்கரை குளுக்கோஸை விட அதிகம், கூடவே சார்பிட்டால்னு ஒண்ணு இருக்கு. ரெண்டையும் சிறுகுடல் ஓரளவுக்குத்தான் உறிஞ்சும், நல்லா இருக்கிற குடலுக்கே ஒரு அளவு உண்டு. மிச்சம் பெருங்குடலுக்குப் போகும், அங்க இருக்கிற பாக்டீரியா அதைச் சாப்பிட்டு கேஸ் விடும், அந்தச் சர்க்கரை தண்ணியையும் உள்ள இழுக்கும், அதான் உப்பறது, வலிக்கறது, லூஸா போறது. உங்க பொண்ணுக்கு குடல் இன்னும் ஆறிட்டு இருக்கு, அதனால மத்த குழந்தை ஒரு பாக்கெட் குடிச்சு தாங்கறதை அவளால தாங்க முடியாம இருக்கலாம். பேரிக்காய் ஜூஸும் இதே கதைதான், மாம்பழமும் கொஞ்சம் அந்தப் பக்கம் சாயும். ஆரஞ்சு, திராட்சை, அன்னாசியில ஃபிரக்டோஸும் குளுக்கோஸும் ஏறக்குறைய சமமா இருக்கும், அதனால வயிறு சுலபமா ஏத்துக்கும்.

பாலும் இதே மாதிரி ஏமாத்தும். பால் சர்க்கரையை உடைக்கிற லாக்டேஸ் என்சைம் அந்தக் குடல் முளைகளோட நுனியிலதான் இருக்கு, சீலியாக்ல முதல்ல அடிபடறதே அந்த நுனிதான். அதனால புதுசா கண்டுபிடிச்ச குழந்தைங்களுக்கு பால், மில்க் ஷேக் குடிச்சா வயிறு உப்பறது சகஜம், குடல் ஆற ஆற பெரும்பாலும் சரியாகிடும். இதுல மனசுல வெச்சுக்க வேண்டியது என்னன்னா, உப்பினா உடனே க்ளூட்டன்னு முடிவு கட்ட முடியாது, உப்பலைன்னா க்ளூட்டன் இல்லைன்னும் முடிவு கட்ட முடியாது. அந்த மால்ட் பாலைக் குடிச்சிட்டு அவ வயிறு வலிக்குதுன்னு உங்ககிட்ட சொன்னதே இல்லை பாருங்க, சொல்லியிருந்தா லெட்டர்ல எழுதியிருப்பீங்க. ஆனா ஆகாதது அதுலதான் இருக்கு. வலி வர்ற ஜூஸ்ல க்ளூட்டன் இல்ல, வலியே வராத பால்ல இருக்கு. அதனால குழந்தையோட வயித்தை டெஸ்ட் மெஷினா வெச்சு எது நல்லது எது கெட்டதுன்னு தீர்மானிக்க வேண்டாம்மா, லேபிளையும் ரத்த டெஸ்டையும் வெச்சே பார்ப்போம்.

ஆப்பிள் ஜூஸை ஒரு ரெண்டு வாரம் முழுசா நிறுத்திப் பாருங்க. அந்த உப்பல் அடங்கிடுச்சுன்னா காரணம் அந்த சர்க்கரைதான், கொஞ்ச நாள் கழிச்சு பாதி ஜூஸ் பாதி தண்ணியா, சாப்பாட்டோட சேர்த்து, சின்ன டம்ளர்ல கொடுத்துப் பாருங்க. நிறுத்தியும் உப்பல் போகலைன்னா உங்க கேஸ்ட்ரோ டாக்டர்கிட்ட சொல்லுங்க, மூச்சு ஊதி பார்க்கிற ஹைட்ரஜன் ப்ரெத் டெஸ்ட் இருக்கு, லாக்டோஸா ஃபிரக்டோஸான்னு அதுல தெரிஞ்சிடும், ஊசி கீசி எதுவும் கிடையாது.

ஜூஸ் கடை விஷயத்துல நான் கொஞ்சம் கறாராத்தான் சொல்வேன். பழம் நல்ல பழம்தான், மெஷின்தான் பிரச்சனை. அடுத்த தடவை போனா கவுண்டர் பக்கத்துல நின்னு ஒரு அஞ்சு நிமிஷம் பாருங்க. ஒரே மிக்ஸி ஜார்ல முதல்ல பிஸ்கட் போட்ட ஷேக் அடிப்பாங்க, அதை ஊத்திட்டு குழாய்ல ஒரு சுத்து தண்ணி காட்டி கவிழ்த்துட்டு அடுத்த ஆர்டர் பழத்தைப் போடுவாங்க. ஜார் பளபளன்னு சுத்தமாதான் தெரியும், ஆனா பிளேடுக்கு அடியில, ரப்பர் வாஷர் உட்கார்ற இடுக்குல, பிஸ்கட் தூள் பசை மாதிரி ஒட்டியிருக்கும், வெறும் தண்ணிக்கு அது போகாது. மால்ட் பவுடர் டப்பாவுல விட்ட அதே ஸ்பூன் அடுத்து சர்க்கரை டப்பாவுக்குள்ள போகும். வடிகட்டியும் ஒண்ணுதான் இருக்கும். கடைக்காரர் பொய் சொல்றதில்ல, அவர் ஜூஸ்ல கோதுமை சேர்க்கலதான், அவருக்கு இதெல்லாம் கணக்குலயே இல்ல.

அதனால வெளிய குடிச்சே ஆகணும்னா சிட்ரஸ் பழம் மட்டும் பிழியற தனி மெஷின் இருக்கிற கடையா பாருங்க, ஆரஞ்சை பாதியா வெட்டி அழுத்தி எடுக்கறது, அதுல வேற எதுவும் போட மாட்டாங்க. சர்க்கரை வேண்டாம்னு சொல்லிடுங்க, ஐஸ் வேணும்னா போடட்டும். ஷேக், ஸ்மூத்தி பக்கம் இப்போதைக்கு போகவே வேண்டாம். பச்சை கலர்ல ஹெல்த்தி ஜூஸ்னு ஒண்ணு விக்கறாங்க பாருங்க, கோதுமைப் புல் ஜூஸ், பார்லிப் புல் ஜூஸ், அதையும் தவிர்த்துடுங்க. இளம் புல்லுல க்ளூட்டன் இருக்காதுதான், க்ளூட்டன் இருக்கறது விதையில, ஆனா புல்லை அறுக்கும்போது முளைச்ச விதையும் சேர்ந்து வந்துட்டா யாரும் அதைப் பொறுக்கி எடுத்துட்டு அரைக்கப் போறதில்ல. அந்தச் சத்து எல்லாம் கீரையிலயே இருக்கு, இந்த ரிஸ்க் தேவையில்ல.

உங்க வீட்டையும் ஒரு தடவை பார்த்துடுங்க. கோதுமையை நிறுத்தினீங்க, அந்த மாவு சலிச்ச சல்லடை? அதுலயே இன்னும் ஜூஸ் வடிகட்டிட்டு இருந்தா தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்க, அந்த வலைக் கண்ணுல ஒட்டின மாவை எவ்வளவு தேய்ச்சாலும் முழுசா எடுக்க முடியாது. மிக்ஸி ஜார் கண்ணாடியோ ஸ்டீலோ நல்லா சோப்பு போட்டு கழுவினா போதும், ரப்பர் வாஷரை மட்டும் மாத்திடுங்க. மால்ட் டப்பாவுக்குள்ள போயிட்டு வந்த ஸ்பூன் சர்க்கரைக்கும் போயிருந்தா அந்தச் சர்க்கரையை வீட்ல வேற யாராவது யூஸ் பண்ணிக்கட்டும், அவளுக்கு புதுசா ஒரு டப்பா வெச்சிடுங்க.

ஓட்ஸ் பால் கேட்டிருந்தீங்க. இப்ப வேண்டாம். ஓட்ஸ் வயல்லயும் லாரியிலயும் மில்லுலயும் கோதுமை பார்லியோட கலந்துதான் வருது, தனியா விளைச்சு பிரிச்சு எடுத்த க்ளூட்டன் ஃப்ரீ ஓட்ஸ்ல செஞ்ச பாலுன்னு போட்டிருந்தாத்தான் யோசிக்கவே முடியும். அப்படி இருந்தாலும் ஓட்ஸோட சொந்தப் புரதமான அவெனின் சீலியாக் உள்ள கொஞ்சம் பேருக்கு ஒத்துக்கறதில்ல, அதனால டிடிஜி நார்மலுக்கு வந்து கொஞ்ச நாள் ஓடட்டும், அப்புறம் டாக்டர்கிட்ட கேட்டுட்டு ஆரம்பிக்கலாம். சோயா பால், பாதாம் பால், அரிசிப் பால் எல்லாம் இயற்கையா க்ளூட்டன் இல்லாததுதான், ஆனா சில சோயா பால்ல ருசிக்காக பார்லி மால்ட் சேர்க்கறாங்க, சில அரிசிப் பால்ல மாவுச்சத்தை உடைக்க பார்லியிலேர்ந்து எடுத்த என்சைம் யூஸ் பண்ணியிருக்காங்க, அதனால இங்கயும் பார்லிங்கற பேரைத்தான் தேடணும். பாதாம் பால் குழந்தைக்கு சாதாரண பாலுக்கு பதில் ஆகாதுங்கறதையும் சொல்லிடறேன், அதுல புரதம் ரொம்ப கம்மி.

மத்ததை வேகமா சொல்லிட்டுப் போறேன். சாதா டீத்தூள், சாதா காபித்தூள் பிரச்சனை இல்ல, காபி குடிச்சா க்ளூட்டன் சாப்பிட்ட மாதிரியே உடம்பு ரியாக்ட் பண்ணும்னு சுத்தற மெசேஜை நம்பாதீங்க, அதுக்கு உருப்படியான ஆதாரம் இல்ல. ஆனா காபி மாதிரியே இருக்கிற காஃபீன் இல்லாத பவுடர் சிலது வறுத்த பார்லி, ரையில செய்யறது, மூலிகை டீ பைகள்லயும் வறுத்த பார்லியோ மால்ட்டோ இருக்கலாம். பட்டன் அமுக்கற வெண்டிங் மெஷின்ல காபியும் மால்ட் ட்ரிங்கும் ஒரே மூக்கு வழியா விழுந்தா அங்க குடிக்க வேண்டாம். ஹாட் சாக்லேட் பவுடர்ல மால்ட்டோ கோதுமை மாவோ இருக்கான்னு பாருங்க. காய்ச்சல் வந்தா பார்லித் தண்ணி கொடுக்கச் சொல்லி யாராவது சொல்வாங்க, எவ்வளவு வடிகட்டினாலும் அது பார்லிதான். ஸ்ட்ராகூட பார்க்கணும், கடிச்சு சாப்பிடற மாதிரி மாவுல செஞ்ச ஸ்ட்ரா இப்ப வருது, சிலது கோதுமை மாவு. இதைப் படிக்கிற பெரியவங்களுக்கு ஒரு வார்த்தை: பீர் பார்லி மால்ட்தான், ஆல்கஹால் இல்லாத பீரும் அப்படித்தான், என்சைம் போட்டு க்ளூட்டனை நீக்கினதுன்னு விக்கறதையும் நான் சிபாரிசு பண்றதில்ல, உடைஞ்ச க்ளூட்டனை லேப் டெஸ்ட் சரியா பிடிக்கறதில்லைங்கறதால அந்த நம்பரை நம்ப முடியல.

இப்ப மால்ட் பவுடரை நிறுத்தினா அதுக்கு பதிலா என்ன. பாலை நிறுத்திடாதீங்க, அது ரொம்ப முக்கியம். சீலியாக் இருந்த குழந்தைங்களுக்கு கால்சியம் சரியா உறிஞ்சாம எலும்பு பலவீனமா இருக்க வாய்ப்பு உண்டு, வளர்ற வயசு வேற. வெறும் கோகோ பவுடர், சர்க்கரையோ மால்ட்டோ சேர்க்காதது, அரை ஸ்பூன் போட்டு ஊறவெச்ச பேரீச்சம்பழம் ரெண்டை அரைச்சு பால்ல கலந்து கொடுங்க, கலரும் வாசனையும் அவளுக்குப் பழகின மாதிரியே இருக்கும், முதல் ரெண்டு மூணு நாள் முகம் சுளிப்பா, விட்டுப் பிடிங்க. இல்லைன்னா வாழைப்பழம் அடிச்சுக் கொடுங்க. பால் குடிச்சு உப்பினா லாக்டோஸ் இல்லாத பால் கொஞ்ச நாளைக்கு, இல்ல தயிர். மால்ட் பவுடர்கள்ல வழக்கமா வைட்டமினும் இரும்பும் சேர்த்திருப்பாங்க, அது நின்னதுக்காக எதுவும் குறைஞ்சிடுமோன்னு கவலைப்பட வேண்டாம், ஆனா வைட்டமின் டி, ஃபெரிட்டின் (உடம்புல இரும்பு எவ்வளவு சேமிப்புல இருக்குன்னு காட்டறது) ரெண்டும் அடுத்த ரத்த டெஸ்ட்ல பார்க்கச் சொல்லுங்க.

ஜூஸுக்கு உண்மையிலேயே ஒரு நல்ல வேலை இருக்கு, அது உங்க பொண்ணோட இரும்புச்சத்து டானிக். அதை பாலோடவோ டீயோடவோ கொடுத்தா உடம்புல சேர்றது குறையும், வைட்டமின் சி கூட இருந்தா நல்லா சேரும். அதனால டானிக் கொடுக்கிற வேளையில ஒரு சின்ன டம்ளர் ஆரஞ்சு ஜூஸ், வீட்ல பிழிஞ்சது, சர்க்கரை போடாம. ஒரு 100, 120 மில்லி போதும். பாலுக்கும் டானிக்குக்கும் நடுவுல ரெண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்க. தைராய்டு மாத்திரை சாப்பிடற பெரியவங்களுக்கும் கிட்டத்தட்ட இதேதான், சீலியாக்கோட தைராய்டும் சேர்ந்து வர்றது சகஜம்ங்கறதால சொல்றேன், மாத்திரையை வெறும் தண்ணியில போட்டுட்டு காபிக்கு அரை மணி நேரமாவது காத்திருங்க, கால்சியம் சேர்த்த ஜூஸும் சோயா பாலும் இன்னும் தள்ளி. கிரேப்ஃப்ரூட் ஜூஸ் சில கொலஸ்ட்ரால், பிபி மாத்திரைகளோட மோதும், அதை டாக்டர்கிட்ட கேட்காம குடிக்காதீங்க.

க்ளூட்டன் இல்லைங்கறதுக்காக ஜூஸை தண்ணி மாதிரி கொடுக்கவும் வேண்டாம். அமெரிக்க குழந்தை டாக்டர்கள் சங்கம் 2017ல சொன்னபடி 7 வயசுலேர்ந்து 18 வயசு வரைக்கும் நாளைக்கு ஒரு கப், அதாவது 240 மில்லிதான் உச்சம், அதுவும் 100 சதவீதம் பழச்சாறுக்கு. ஒரு கப் ஆப்பிள் ஜூஸ்ல 24 கிராம் மாதிரி சர்க்கரை இருக்கும், அது பழத்துலேர்ந்தே வந்திருந்தாலும் ஜூஸா பிழிஞ்சதும் உலக சுகாதார அமைப்பு அதை சேர்த்த சர்க்கரையோடதான் எண்ணுது. கோதுமையை நிறுத்தினா நார்ச்சத்து குறையும், நிறைய குழந்தைங்களுக்கு மலச்சிக்கல் வருது, அதனால முழு ஆரஞ்சை உரிச்சு கொடுத்தா சாப்பிடுவான்னா எனக்கு அதுதான் இன்னும் சந்தோஷம். தாகத்துக்கு தண்ணி.

ஸ்கூல்ல ஃபிரண்ட்ஸ் பாட்டில் மாத்திக் குடிக்கறது நடக்கும், அவகிட்ட "மால்ட்"ங்கற வார்த்தையைச் சொல்லிக் கொடுத்துடுங்க, 9 வயசுக்கு லேபிள் படிக்கத் தெரியும். டப்பாவுல அந்த எழுத்தைத் தேடற வேலையை அவகிட்டயே கொடுத்துப் பாருங்க, நாம தடுக்கறதை விட அவளா பார்த்து வேண்டாம்னு சொன்னா வெளியிடத்துல உங்களுக்கு நிம்மதி.

மால்ட் நின்ன தேதியை எங்கயாவது குறிச்சு வைங்க. டாக்டர்கிட்ட மால்ட் போயிட்டு இருந்ததை மறைக்காம சொல்லுங்க, அவங்க டிடிஜி எப்ப திரும்ப எடுக்கணும்னு அதை வெச்சு தீர்மானிப்பாங்க, நான் பார்த்த வரைக்கும் மூணு மாசம் கழிச்சு எடுத்தா வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும். அவளோட உயரம் எடையும் மாசத்துக்கு ஒரு தடவை எழுதிட்டு வாங்க, ரிப்போர்ட் வந்ததும் அதையும் இதையும் சேர்த்து எனக்கு அனுப்புங்க, பார்த்துட்டு ஓட்ஸ் பத்தி அப்ப பேசலாம்.